ஸ்ட்ராபெரி வாசனையோடு வந்த காய்ச்சல்

"எங்கே, மாமாவைப் பார்த்து ஒரு தடவை ஊது ராஜா."

கேட்டுக்கு வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் இனியனின் தாடை. ராத்திரி பைபாஸில் போலீஸ்காரர் லாரி டிரைவர்களை நிறுத்தி ஊதச் சொல்வாரே, அதே வேலைதான். என்ன, இங்கே ஆசாமிக்கு வயது இரண்டு சொச்சம். பாவம், மறுபேச்சு இல்லாமல் உதட்டைக் குவித்து ஊதினான்.

கம்மென்று ஸ்ட்ராபெரி வாசனை.

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"தேன்மொழி! காய்ச்சல் சிரப் குடுத்துத்தானே கூட்டிட்டு வந்திருக்கே?"

அவன் அம்மா தேன்மொழி அதற்குள் பிள்ளையையும் பையையும் என்னிடம் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். "இல்லீங்க சார், லேசா உடம்பு சூடா இருந்துச்சு... கடைக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன் சார்" என்றாள், திரும்பாமலே.

திரும்பாமல் பேசுகிற பெண் இல்லை அவள். தினமும் பையன் உள்ளே போய் ஜன்னல் வழியாக டாட்டா காட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போவாள்.

இந்த ஸ்ட்ராபெரி வாசனை எனக்கு நன்றாகவே தெரியும். காலையில் சிரப் ஊற்றினால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும். குழந்தை சமர்த்தாக உள்ளே வந்துவிடும். அம்மா ஆபீஸ் போய்ச் சேர்ந்து, போனை சைலண்டில் போட்ட பிறகு, பதினோரு மணி வாக்கில் உடம்பு அனலாகக் கொதிக்கும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே பதினோரு மணிக் காய்ச்சல். அதற்குள் அந்தக் குழந்தை இருக்கிற பொம்மையையெல்லாம் வாயில் வைத்து ருசி பார்த்திருக்கும். அந்த பொம்மைகளை அடுத்த குழந்தை எடுக்கும். அப்புறம் நடப்பதைச் சொல்லவே வேண்டாம்.

சோப்பு மாமா

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மனைவி கோமதி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கிரஷ் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற அம்மாக்கள் காலையில் குழந்தையை விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போவார்கள். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவன். காலையில் காபி, பேப்பர், அம்மா மண்டபம் வரை ஒரு நடை என்று நிம்மதியாக இருக்கலாம் என்று கனவு கண்டிருந்தேன். கோமதி விட்டால்தானே! கேட்டும் சோப்பும் உங்கள் பொறுப்பு என்று உத்தரவு போட்டுவிட்டாள். குழந்தைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் சோப்பு மாமா.

கை கழுவுவதில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் அப்பிய கையை மரத்தூளும் சோப்பும் போட்டுத் தேய்த்த ஆள். இந்த வாண்டுகளுக்கு விரல்களெல்லாம் ரயில் பெட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெட்டியையும் தனியாகக் கழுவ வேண்டும், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடத்தையும் கழுவ வேண்டும், கடைசியில் என்ஜின். என்ஜின் என்றால் கட்டைவிரல். எல்லாரும் மறப்பது அதைத்தான். நம்பாவிட்டால் அடுத்த தடவை உங்களையே கவனித்துப் பாருங்கள். குழந்தைகள் வாயில் வைத்துச் சப்புவதும் அதே என்ஜினைத்தான்.

போன வாரம் துண்டு விவகாரத்தை எழுதியிருந்தேன். ஒரே துண்டில் எல்லார் முகத்தையும் துடைத்து, கிரஷ் முழுக்க மெட்ராஸ் ஐ வந்து, நானும் கோமதியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரிந்த கதை. அதன் பிறகுதான் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கொக்கி, கொக்கிக்கு மேலே யானை, பஸ், கிளி என்று ஆளுக்கொரு படம். அதைப் படித்துவிட்டுக் கரூர் வாசகர் ஒருவர், "துண்டுக்கெல்லாம் ஒரு அத்தியாயமா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை போலிருக்கிறது. இருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதுங்கள் என்று கேட்டிருப்பீர்கள்.

காக்காக் கடி

ஆட்டோவைப் பார்த்து நடக்கிற தேன்மொழியிடம் திரும்புவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று புரியாது.

எங்கள் ஊரில் எச்சில் விஷயத்தில் கெடுபிடி ஜாஸ்தி. டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள். ஆனால் குழந்தை என்று வந்துவிட்டால் அத்தனை ஆசாரமும் பறந்துவிடும். சாதத்தை வாயால் ஊதி ஊதி ஆறவைத்து ஊட்டுவார்கள். பாலில் சூடு பார்க்கத் தாங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தருவார்கள். பக்கத்துத் தெரு மாமா ஒருவர் கோவிலிலிருந்து வரும்போது சக்கரைப் பொங்கல் தொன்னையோடு கேட்டில் நிற்பார். அதே விரலால் வரிசையாக ஒவ்வொரு குழந்தை வாயிலும் ஒரு வாய் வைப்பார்.

"பெருமாள் பிரசாதம், ஒண்ணும் பண்ணாது சார்" என்பார்.

"பெருமாள் ஒண்ணும் பண்ணமாட்டார், உங்க விரல்தான் பண்ணும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கோமதி என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! இப்போதெல்லாம் அவர் தொன்னையை அவளிடம்தான் கொடுக்கிறார். அவள் ஆளுக்கொரு ஸ்பூனில் எடுத்துத் தருகிறாள். என்னோடு மட்டும் அவர் பேசுவதில்லை, போகட்டும்.

பெரியவர்களே இப்படி என்றால் ஆதியைச் சொல்லி என்ன பயன்? ஆதிக்கு நாலு வயது, எங்கள் கிரஷின் நாட்டாமை. தேன்மொழியின் அப்பா மணப்பாறையில் முறுக்குச் சுடுகிறவர். அவர் கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலம் ஒருநாள் இனியன் பையில் வந்தது. நான் குழாயடியிலிருந்து வருவதற்குள், ஆதி ஒவ்வொரு முறுக்கையும் சட்டை நுனியால் மூடிக் கடக்கென்று கடித்து, உடைத்து, எல்லாருக்கும் சப்ளை பண்ணிக்கொண்டிருந்தான். முதல் துண்டு முறுக்குக்குச் சொந்தக்காரனான இனியனுக்கு.

"டேய், எச்சில்டா!"

"எச்சில் இல்ல மாமா, காக்காக் கடி. நடுவுல துணி இருக்குல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மில் காக்காக் கடி கடிக்காமல் வளர்ந்தவர் யார்? நடுவில் துணி வந்துவிட்டால் எச்சில் கிடையாது, அவ்வளவுதான் சட்டம். சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சட்டை நுனியைப் பார்த்தேன். காலையிலிருந்து அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததும் அதில்தான்.

மறுநாள் ஆதிக்குக் காய்ச்சல். அப்புறம் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம். அவன் அம்மா உடனே போன் பண்ணிச் சொல்லி, லீவு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டாள், புண்ணியவதி. கோமதி அத்தனை பொம்மையையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச்சிங் தண்ணீரில் அலசி, மழையாக இருந்ததால் ஃபேனுக்கு அடியில் பரப்பிக் காயவைத்தாள். என்னைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கேட்டில் நிற்கச் சொன்னாள்.

நின்றேன். ஸ்ட்ராபெரி வந்துவிட்டது.

உள்ளங்கை

"பையன் கையைக் காட்டும்மா" என்றேன்.

தேன்மொழி திரும்பி வந்தாள். பையன் மேல் சுற்றிவிட்டிருந்த துப்பட்டாவைத் தயங்கித் தயங்கி விலக்கினாள். இனியனின் உள்ளங்கையில் துவரம்பருப்பு அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். பாதத்திலும் அதே. வாயோரம் ஒரு சின்னக் கொப்புளம். குழந்தை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். 'சோப்பு மாமா' என்று கத்திக்கொண்டு என் மேல் பாய்கிற பயல், சத்தமே இல்லை.

"நேத்து சாயங்காலமே பார்த்துட்டேன் சார்" என்றாள். அழுகை வந்துவிட்டது. "எங்க ஹவுஸ் ஓனரம்மா பார்த்தா அம்மை இறங்கியிருக்குன்னு சொல்லி, யாரும் வாசல் தாண்டக்கூடாதுன்னுடுவாங்க. அதான் அவங்க எந்திரிக்கறதுக்குள்ள மூடித் தூக்கிட்டு வந்துட்டேன்."

"சரி, ரெண்டு நாள் லீவு போடு."

"எப்படி சார்? தீபாவளி வாரம். இந்த வாரம் வரலைன்னா அப்புறம் வரவே வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இந்த வேலை கிடைக்கறதுக்கே எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?"

தெரியும். அவள் புருஷன் வெளிநாட்டில் டிரைவர், வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். அம்மா இல்லை. அப்பா தீபாவளி முறுக்கு சீசனில் அடுப்படியை விட்டு நகர முடியாது. என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மூணாவது மாடியில் சுடிதார் எடுத்துப் போடுகிற வேலை. அந்த வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்களுக்கெல்லாம் அரைக் கிலோ லட்டு வாங்கி வந்தாள்.

சத்தம் கேட்டுக் கோமதி வெளியே வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. தொட்டிலில் ஒரு கைக்குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது.

"தேனு, உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா உள்ள ஏழு மாசக் குழந்தை இருக்குடி. விடமாட்டேன்" என்றாள். வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் ஒரு அங்குலம் நகரவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அந்த நிலையில் அவளை யாராலும் நகர்த்த முடியாது.

அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, நீங்க சும்மாதானே இருக்கீங்க?"

சும்மா! கேட்டு, சோப்பு, துண்டு, டயபர் பை, இத்தனையும் பார்க்கிற நான் சும்மா! வாயைத் திறந்தேன். இனியன் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கே தடா

முதலில் டாக்டரிடம் போனோம். எங்கள் கிரஷ் குழந்தைகளை வழக்கமாகப் பார்க்கிற அம்மா. கை, கால், வாய் மூன்றையும் பார்த்துவிட்டு, "அம்மையெல்லாம் இல்லம்மா. இந்த சீசன்ல சுத்தற வைரஸ். தக்காளிக் காய்ச்சல்னு சொல்றாங்களே, அதுதான். தானா சரியாயிடும்" என்றார். தேன்மொழி தடுப்பூசி அட்டையை நீட்டினாள். எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருந்தாள். "இதுக்கு இங்க ஊசி கிடையாது, கை கழுவறதுதான் ஊசி" என்றார் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவர் சீரியஸாக ஒன்று சொன்னார். "வாய்க்குள்ள புண்ணு அதிகமாகும். தண்ணி குடிக்க மாட்டான். அதுதான் இதுல ஆபத்து. ஒழுங்கா யூரின் போறானான்னு பார்த்துக்கிட்டே இருங்க. போகலேன்னா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தணும். அப்ப அம்மா ராத்திரி பகல் கூடவே இருக்கணும்."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். அட்மிட் என்றால் வேலை போச்சு. அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. "நீ கடைக்குப் போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

கோமதி எனக்குப் போட்ட நிபந்தனைகள் தனி. பையனுக்குச் சரியாகிற வரைக்கும் கிரஷ் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. வெளிப்படிக்கட்டு வழியாக மாடிக்குப் போய், குளித்து, துணியைத் தனியாக நனைத்துவிட்டு, மாடியிலேயே சாப்பிட வேண்டும். டயபர் மாற்றின கையோடு எதையும் தொடக்கூடாது. "என் வீட்டுக்குள்ள எனக்கே தடாவா?" என்றேன். "ஆமா" என்றாள்.

சரோஜாம்மா காம்பவுண்ட்

தேன்மொழியின் வீடு திருவானைக்காவலில், ஒரே வாசலுக்குள் வரிசையாகச் சில போர்ஷன்கள் உள்ள காம்பவுண்ட். ஹவுஸ் ஓனர் சரோஜாம்மா, குரலில் கண்டிப்பும் நெற்றியில் காலணா அளவுக் குங்குமமும் உள்ளவர். நான் பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே அவன் கையைப் பார்த்துவிட்டார்.

"அம்மா வந்திருக்கா!"

"வைரஸ்னு டாக்டர் சொல்லிட்டாங்கம்மா."

"அவங்க அவங்க பேரைச் சொல்றாங்க, நாங்க எங்க பேரைச் சொல்றோம்" என்றார்.

அரை மணியில் வாசலில் வேப்பிலைக் கொத்து. காம்பவுண்ட் முழுக்கத் தாளிப்பு கிடையாது என்று உத்தரவு. வேலை போய்விடும் என்று நான் கெஞ்சியதில், தேன்மொழியும் நானும் மட்டும் குளித்துவிட்டு வாசல் தாண்டலாம் என்று ஒரு சலுகை. பக்கத்து போர்ஷன் டெய்லர், "தாளிக்காத சாம்பாரை எப்படிய்யா சாப்பிடறது" என்று என்னிடம் வந்து முணுமுணுத்தார். ஏதோ நான்தான் கடுகை ஒளித்துவைத்த மாதிரி!

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது, மற்ற பிள்ளைகள் அந்த போர்ஷன் பக்கம் போகக்கூடாது, நோய்ப்பட்ட பிள்ளையின் துணியும் தட்டும் தனி, தொட்டால் கை கால் கழுவ வேண்டும். இதையேதான் கோமதி வருஷக்கணக்காகப் பெற்றோர் கூட்டத்தில் தொண்டை வரளக் கத்துகிறாள், பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள். சரோஜாம்மா ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினார், மூச்சு விடவில்லை ஒருத்தரும்.

சண்டை வந்தது மருந்தில்தான். காய்ச்சல் ஏறினபோது நான் சிரப் பாட்டிலை எடுத்தேன். "அம்மா இருக்கறப்ப மருந்தா?" என்று பதறினார்.

"மருந்து குடுக்காம இருக்க மாட்டேம்மா. குத்தம் வந்தா என் தலையில வரட்டும்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஸ்ரீரங்கத்துக்காரர்தானே? ரங்கநாதரோட தங்கச்சிதான் சமயபுரத்தா. அண்ணன் ஊர்க்காரர்னு உங்களை விட்டுடுவா. குடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த அம்மா மேல் பிரியமும் வந்தது.

ஈரம்

முதல் நாள் எப்படியோ ஓடிவிட்டது. மறுநாள் காலையில் தேன்மொழி கடைக்குக் கிளம்பும்போதே பையன் முகம் சரியில்லை. வாய்க்குள் புண் வெடித்து, நாக்கெல்லாம் சிவந்திருந்தது. பால் கொடுத்தால் தட்டிவிட்டான். தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டான். ஸ்பூனைக் கண்டாலே அலறினான். மடியில் போட்டுக்கொண்டு கெஞ்சினேன், கொஞ்சினேன், காக்கா காட்டினேன், நானே குடிப்பது மாதிரி நடித்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

டயபரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன். அப்போதும் காய்ந்திருந்தது. என் வாழ்க்கையில் ஈரத்துக்காக இப்படி ஏங்கினதே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். "அழுதா கண்ணீர் வருதா? கூப்பிட்டா பார்க்கிறானா?" என்று கேட்டார். வருகிறது, பார்க்கிறான் என்றேன். "சரி, ஜில்லுனு ஏதாவது குடுத்துப் பாருங்க. ஐஸ் மாதிரி இருந்தா புண்ணு மரத்துப்போகும், முழுங்கிடுவான். மூணு மணி வரைக்கும் பார்ப்போம். சோர்ந்து போனாலோ, அப்பவும் யூரின் போகலேன்னாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க, அட்மிட் பண்ணிடலாம்" என்றார்.

காய்ச்சல் பிள்ளைக்கு ஐஸா! எங்கள் வீட்டில் தும்மினாலே வெந்நீர் வைப்பார்கள். அறுபது வருஷமாக ஐஸ் என்றால் சளி, சளி என்றால் நெஞ்சு என்று காதில் ஓதி வளர்த்த உடம்பு இது. டாக்டர் சொல்லியும் கை வரவில்லை எனக்கு. போனை வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரோஜாம்மா, "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? அம்மாவுக்குக் குளிர்ச்சிதானே புடிக்கும்!" என்றார். மருந்துக்கு அப்படிப் பதறின அதே அம்மா, ஐஸுக்குக் கொஞ்சமும் தயங்கவில்லை. இரண்டு இளநீரை வெட்டச் சொல்லி, வழுக்கையை எடுத்துவிட்டு, தண்ணீரை அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றித் தன் ஃப்ரீசரில் வைத்தார். "அந்த பிளாஸ்டிக்கையும் கழட்டுங்க, பாவம் புழுங்குது" என்று டயபரையும் கழற்றவைத்தார்.

பொடிப்பொடியாக உறைந்த இளநீரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஸ்பூனைப் பார்த்ததும் இனியன் மறுபடி வாயை இறுக்கினான். நான் ஊட்டவில்லை. கீழுதட்டில் ஒரு துளி ஐஸை வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டேன்.

நாக்கு நுனி வெளியே வந்தது. நக்கினான். முகத்தைச் சுளித்தான். நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு துளி வைத்தேன். அதையும் நக்கினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்தான்.

"இன்னும்" என்றான்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். தட்டு காலியாயிற்று. சரோஜாம்மா அடுத்த தட்டை எடுத்து வந்தார். அதிலும் பாதி போயிற்று. பையன் என் மடியிலேயே, அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய கோலத்தில், தூங்கிப்போனான்.

ஆனால் குடித்தது மட்டும் போதாதே. மணி இரண்டு ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மழை விட்டிருந்தது. வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு போர்ஷன்காரராக வந்து, "உச்சா போனானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். டெய்லர் கத்திரிக்கோலும் கையுமாக மூன்று தடவை வந்தார். நான் மனசுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். தேன்மொழிக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போன் பண்ணுவது?

அப்போதுதான் என் தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

ஒரு கணம் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். வேட்டியில் பெரிதாக ஈரம், இன்னும் பெரிதாகிக்கொண்டே போனது. பயல் தூக்கத்திலேயே சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"சரோஜாம்மா! உச்சா போயிட்டான்! பையன் உச்சா போயிட்டான்!"

காம்பவுண்டே ஓடி வந்தது. சரோஜாம்மா சமயபுரம் இருக்கிற திசையைப் பார்த்து, "தாயே" என்று கும்பிட்டார். டாக்டரைப் போனில் பிடித்தேன். "அப்பாடா! இனி அட்மிஷன் வேண்டாம். இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருங்க" என்றார்.

அடுத்து தேன்மொழிக்குச் சொல்ல வேண்டும். கடைக்குள் வேலை பார்க்கிறவர்கள் போன் வைத்துக்கொள்ளக்கூடாது, லாக்கரில் பூட்டிவிடுவார்கள். கடை நம்பருக்கே போட்டேன். தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் எடுத்தாள்.

"மூணாவது மாடி தேன்மொழிகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா. அவ பையனுக்கு உடம்பு சரியில்ல. அவன் உச்சா போயிட்டான்னு சொல்லணும்."

"என்ன சார்?"

"உச்சா போயிட்டான்மா! ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவ காலையிலிருந்து உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பா. கொஞ்சம் சொல்லும்மா."

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்தாள் போலிருக்கிறது. "மாடிக்கு ஆள் அனுப்ப முடியாது சார், கூட்டம். லைன்ல இருங்க" என்றாள். ரிசீவரை மேஜையில் வைக்கிற சத்தம். அடுத்து கடை மைக்கில், அத்தனை மாடிக்கும் கேட்கிற மாதிரி, அவள் குரல் கணீரென்று வந்தது.

"மூன்றாவது தளம், சுடிதார் பிரிவு, தேன்மொழி அவர்களின் கவனத்திற்கு. உங்கள் பையன் உச்சா போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. மீண்டும் சொல்கிறோம், உங்கள் பையன் உச்சா போய்விட்டான்."

இரைச்சல் சட்டென்று அடங்கினது எனக்குக் கேட்டது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. அப்புறம் மேலேயிருந்து படபடவென்று ஒரு சத்தம்.

அந்தப் பெண் ரிசீவரை எடுத்தாள். "சார், மூணாவது மாடியில கஸ்டமர்லாம் கை தட்டுறாங்க சார்" என்றாள். "அந்த அக்கா படிக்கட்டுல வந்து எட்டிப் பார்க்கறாங்க. அழுவுறாங்க சார்."

"அழட்டும்மா, விடு" என்றேன்.

சரோஜாம்மா மாற்று வேட்டி ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பையன் எழுந்திருக்கிற வரைக்கும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.